ஒரு தரம் தேறினால் ஆயுளுக்கும் யோக்கியதையா?

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் திருத்தணியில் கால் வைக்க இடமிராது என்பது யாவரும் அறிந்ததே. தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் லக்ஷக்கணக்கான ஜனங்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் கால்நடையாகவும் காவடி தூக்கிக்கொண்டு வந்து சேருகின்றார்கள். மலை மேல் இருப்பது கல்லா சாமியா என்ற விவகாரத்தை இன்று நாம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அதைப் பற்றி நாம் எழுதியவை போதும். இனிமேலும் எழுதத்தான் போகிறோம். இன்று நாம் கேட்க விரும்புவது வேறொன்று. இவ்வளவு ஜனங்களையும் மலைக்கு ஏற்றி இறக்குகின்ற வண்டிகளையும், அவர்கள் தலைக்கு மேல் கட்டுகின்ற பந்தலையும், அதில் ஓடுகின்ற மின்சாரக் கம்பியையும், அவர்களுக்குச் சோறு ஆக்குகின்ற அடுப்பங்கரையையும், அவர்கள் இரவில் படுத்துறங்குகின்ற சத்திரங்களையும் பார்த்து, “சரியாயிருக்கிறது” என்று கையெழுத்துப் போடுகின்றாரே ஓர் உத்தியோகஸ்தர், அவருடைய யோக்கியதையைக் கடைசியாகப் பார்த்தது யார், எப்போது என்பதே நம் கேள்வி.

இது வேடிக்கையான கேள்வியென்று சிலருக்குத் தோன்றலாம். கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும். திருத்தணிச் சந்தையில் காய்கறி விற்கிற அம்மாளின் எடைக்கல் ஒரு முறை முத்திரை போட்டுவிட்டால் ஆயுளுக்கும் செல்லுமா? செல்லாது. குறித்த காலத்துக்குள் மறுபடியும் கொண்டுபோய் முத்திரை வாங்காவிட்டால் அபராதம். இரும்புக்கல்லே தேய்ந்து போகும் என்று சர்க்காருக்குத் தெரிந்திருக்கிறது. மலை மேல் ஏறும் வாடகை வண்டி எட்டு வருஷம் ஆகும் வரை இரண்டு வருஷத்துக்கொரு முறையும், அதற்குப் பிறகு வருஷா வருஷமும் எப்.சி. காட்டியாக வேண்டும். அதை ஓட்டுகிற டிரைவர் ஐந்து வருஷத்துக்கொரு முறை, உடம்பு நன்றாயிருக்கிறது, கண் தெரிகிறது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போய் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். திருவாலங்காட்டிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் பாய்லருக்குக் கூடக் காலந்தோறும் சர்டிபிகேட் உண்டு. ஓட்டல்காரர் உணவு லைசென்ஸைப் புதுப்பிக்கிறார். பள்ளிக்கூடக்காரர் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கிறார். கல்லுக்கும், வண்டிக்கும், டிரைவருக்கும், பாய்லருக்கும், அடுப்புக்கும் தவணை இருக்கிறது. இவை எல்லாவற்றையும் பரிசோதிக்கிற இன்ஸ்பெக்டருக்கு மட்டும் தவணை கிடையாது. இருபத்தைந்தாவது வயதில் ஒரு பரீக்ஷை தேறிவிட்டால் அறுபதாவது வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புகிற நாள் வரையில் அவர் யோக்கியர்தான். அவருடைய படிப்பு மட்டும் தேயாத உலோகத்தால் செய்யப்பட்டது போலும்!

இதைப் பார்க்கும்போது நமக்கு வேறொரு பழைய சங்கதி ஞாபகத்துக்கு வருகிறது. ஒருவன் ஒரு வயிற்றில் பிறந்துவிட்டால் சாகிற வரையில் உயர்ந்தவன், இன்னொருவன் இன்னொரு வயிற்றில் பிறந்துவிட்டால் சாகிற வரையில் தாழ்ந்தவன், இடையில் அவன் என்ன கற்றான், என்ன செய்தான் என்பதைப் பற்றிக் கேள்வியே இல்லை என்று சொல்லும் வர்ணாசிரம தர்மத்துக்கும், இந்த உத்தியோக தர்மத்துக்கும் என்ன வித்தியாசம்? அங்கே பிறப்பு ஒரு தரம். இங்கே பரீக்ஷை ஒரு தரம். பரீக்ஷையாவது ஒரு காலத்தில் எதையோ படித்ததற்கு அடையாளம் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் அந்த அடையாளத்தைப் பூணூல் மாதிரி ஆயுள் முழுதும் மாட்டிக்கொண்டு திரிவதற்கு என்ன நியாயம்?

பரம்பரை உத்தியோகத்தின் கதி என்னவாயிற்று என்பதையும் இந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். கர்ணம் செத்தால் கர்ணத்தின் பிள்ளை கர்ணம், மணியக்காரர் செத்தால் அவர் பிள்ளை மணியக்காரர் என்று 1895-ஆம் வருஷத்துச் சென்னை மாகாணச் சட்டம் ஒன்று இருந்தது. ஆந்திரத்தில் குண்டூர் ஜில்லாவிலிருந்து எழுந்த ஒரு வழக்கில், 1960-ஆம் வருஷம் டிசம்பரில், சுப்ரீம் கோர்ட்டார் அந்தச் சட்டத்தின் பரம்பரை விதி அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அந்தப் பழைய கிராம உத்தியோகங்களையே ஒழித்தார்கள். கோவில் அர்ச்சகர் வேலைக்குப் பரம்பரைப் பாத்தியதை கூடாது என்று 1970-இல் சட்டம் வந்தது. அப்போதெல்லாம் “கிராமம் நடக்காது, கோவில் நடக்காது” என்று கூக்குரல் இட்டவர்கள் உண்டு. கிராமமும் நடக்கிறது, கோவிலும், நமக்கு அது வேண்டுமோ வேண்டாமோ, நடக்கத்தான் நடக்கிறது. பிறப்பினால் வந்த ஆயுள் பாத்தியதையை ஒழித்த நாம், பரீக்ஷையினால் வந்த ஆயுள் பாத்தியதையைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டோம் என்பதுதான் இங்கே நாம் எடுத்துக்காட்ட விரும்புவது.

நிற்க. பழைய படிப்பை வைத்துக்கொண்டு புதிய அபாயத்தைப் பார்க்கப் போவதால் வரும் விபரீதம் என்ன என்பதற்கு நம் தேசத்தில் போபாலை விடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை. 1984-ஆம் வருஷம் டிசம்பர் 2-ந்தேதி இரவு அந்த ஊரிலுள்ள பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து விஷவாயு கிளம்பி, தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஏழைகளைக் கொன்றது. அந்த ஊரில் தொழிற்சாலைகளைப் பார்வையிடுவதற்கு இருந்த இன்ஸ்பெக்டர்கள் இருவர். இருவரும் மெக்கானிக்கல் என்ஜினீயர்கள். பல் சக்கரத்துக்கு மூடி போட்டிருக்கிறதா, பெல்ட்டுக்கு வேலி வைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவர்கள் படிப்பு போதும். மூடின தொட்டிக்குள் இருக்கிற ரசாயனத்தோடு தண்ணீர் கலந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்கு அது போதுமா? அவர்களைக் கெட்டவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. தறி ஓடுகிற காலத்துக்குத் தேறினவர்களை விஷவாயுக் காலத்துக்கும் தேறினவர்கள் என்று வைத்துக்கொண்டது யார் குற்றம்? அவர்களை மறுபடியும் உட்கார வைத்து, “இந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது, சொல்லும்” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே உண்மை வெளியாகியிருக்கும். அந்தச் சாவுக்குப் பிறகுதான் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான தொழில் நடக்கும் இடங்களில் தொழிலாளர்களும் நிர்வாகத்தாரும் சம எண்ணிக்கையில் உள்ள பாதுகாப்புக் கமிட்டி வைக்க வேண்டும் என்றும், உடனடி அபாயத்தைக் கண்டால் சொல்லத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்றும் எழுதினார்கள். ஆயிரக்கணக்கில் பிணம் விழுந்த பிறகுதான் தொழிலாளிக்கும் கண் இருக்கிறது என்று சட்டத்துக்குத் தெரிந்தது.

போபால் தூரதேசம், திருத்தணிக்கு அதென்ன என்று கேட்பவர்களுக்குச் சமீபத்தைச் சொல்லுகிறோம். 2023-ஆம் வருஷம் ஜனவரி 22-ந்தேதி, அரக்கோணத்துக்குத் தெற்கே நெமிலிக்கு அருகிலுள்ள கீழ்வீதி கிராமத்தில், அம்மன் திருவிழாவில், சாமிக்கு மாலை போடுவதற்காகக் கிரேன் என்னும் பாரம் தூக்கும் யந்திரத்தில் மனிதர்கள் தொங்கிக்கொண்டு போனபோது அது சாய்ந்து விழுந்து நால்வர் மாண்டார்கள். சிமெண்ட் தூண் தூக்குகிற யந்திரத்தில் மனிதர்களைத் தொங்கவிடக் கூடாது என்று தெரிந்த ஒரு கண் அங்கே இல்லை. 2022 ஏப்ரல் 27-ந்தேதி தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டுப் பதினொரு பேர் மாண்டார்கள். தேருக்கு எவ்வளவு உயரம், கம்பிக்கு எவ்வளவு உயரம் என்று அளந்து பார்க்க ஒரு மூங்கில் கழி போதும். 1997 ஜூன் 7-ந்தேதி தஞ்சைப் பெரிய கோவிலில் யாகசாலைப் பந்தல் எரிந்து 48 பேர் மாண்டார்கள். 2004 ஜனவரி 23-ந்தேதி ஸ்ரீரங்கத்தில் கலியாணப் பந்தல் தீப்பிடித்து மாப்பிள்ளை உள்பட ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்கு ஆறு மாதம் கழித்து, அதே வருஷம் ஜூலை 16-ந்தேதி கும்பகோணத்தில், ஒரே கட்டடத்தில் அடைத்து வைத்த பள்ளிக்கூடத்தில், சத்துணவு சமைக்கும் இடத்திலிருந்து கீற்றுக் கூரைக்குத் தீ பரவி 94 குழந்தைகள் வெந்து மடிந்தார்கள்.

கும்பகோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கீற்றுக் கொட்டகை என்ன, சட்டைப் பைக்குள் ஒளித்து வைக்கக் கூடிய வஸ்துவா? தெருவில் போகிற எவன் கண்ணுக்கும் தெரிந்த அந்தக் கூரை, பார்வையிட வேண்டிய உத்தியோகஸ்தர்கள் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. பத்து வருஷம் வழக்கு நடந்து 2014 ஜூலை 30-ந்தேதி தீர்ப்பு வந்தது. கல்வி இலாகா உத்தியோகஸ்தர்களும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். பத்துப் பேர் குற்றவாளிகள் என்றும் பதினொருவர் அல்லவென்றும் கோர்ட்டார் சொன்னார்கள். தண்டனை கொடுப்பது கோர்ட்டின் வேலை, கொடுக்கட்டும். ஆனால் அந்தக் கூரையைப் பார்க்காதவர்களின் பார்வையை, குழந்தைகள் சாவதற்கு முன்னால், யாராவது பரிசோதித்தார்களா? டிரைவர் கண்ணைப் பரிசோதிக்கச் சட்டம் இருக்கும்போது இன்ஸ்பெக்டர் கண்ணைப் பரிசோதிக்க ஏன் சட்டமில்லை?

இத்தகைய சாவுகள் நேரும்போதெல்லாம் “விதி”, “தெய்வ சித்தம்”, “நல்ல சாவு, சாமி சன்னிதியில் போனார்கள்” என்று சொல்லி மழுப்புகிற வழக்கத்தைப் பற்றி நாம் அடிக்கடி கண்டித்திருக்கிறோம். இந்த விதிப் பேச்சினால் யாருக்கு லாபம் என்று பார்த்தால், பந்தல் காண்ட்ராக்டருக்கும், கட்டடச் சொந்தக்காரருக்கும், பார்க்காமல் கையெழுத்துப் போட்ட உத்தியோகஸ்தருக்கும்தான் லாபம். விதி என்று ஒன்று இருந்து எல்லாம் அதன்படியே நடக்குமானால், இன்ஸ்பெக்டருக்கு மாதச் சம்பளம் எதற்கு? அந்தப் பணத்தையும் உண்டியலில் போட்டுவிடலாமே!

சில மாதங்களுக்கு முன் இந்தப் பக்கத்து ஒரு தோழரின் மகள் கலியாணத்துக்கு நாம் போயிருந்தோம். சீர்திருத்தக் கலியாணம், புரோகிதர் இல்லை, யாகப் புகை இல்லை. ஆனால் மண்டபம் மட்டும் பழைய சம்பிரதாயப்படியே இருந்தது. சுவரில் சிவப்புத் தீயணைப்புக் குழாய் ஒன்று தொங்கிற்று. அருகே போய்ப் பார்த்தோம். அதில் ஒட்டியிருந்த சீட்டின் தவணை மூன்று வருஷத்துக்கு முன்னமே முடிந்திருந்தது. பின்பக்கத்துக் கதவுக்கு முன்னால் வாடகைப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மண்டபத்துக் கணக்கப்பிள்ளையைக் கேட்டோம். அவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் உள்ளே போய், கண்ணாடி போட்டு மாட்டியிருந்த ஒரு சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து காட்டினார். அது சரியான சர்டிபிகேட்தான், தவணையும் முடியவில்லை, முத்திரையும் கையெழுத்தும் பளிச்சென்று இருந்தன. “ஐயா வந்து பார்த்துத்தான் கொடுத்தாருங்க” என்றார். எதைப் பார்த்தார் என்று நாம் கேட்கவில்லை. அன்று அந்தச் சீட்டைப் பார்த்தபோது, காசியிலிருந்து வந்த கங்கைச் சொம்பை வீட்டில் வைத்துக்கொண்டு நோய் வராது என்று நம்புகிறவர்களைத்தான் நினைத்துக்கொண்டோம்.

இதற்கு உத்தியோகஸ்தர் பக்கத்தில் சொல்லக்கூடிய சமாதானங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. இலாகாப் பரீக்ஷைகள் இருக்கின்றன, பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன என்பார்கள். இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இலாகாப் பரீக்ஷை மேல் உத்தியோகத்துக்குப் போவதற்கு. இருக்கிற உத்தியோகத்தில் இருப்பதற்கல்ல. தேறாவிட்டால் உயர்வு நிற்கும். கையெழுத்துப் போடும் அதிகாரம் நிற்காது. பயிற்சி வகுப்போவென்றால் போய் உட்கார்ந்து எழுந்து வந்தால் முடிந்தது. நாம் கேட்பது அதுவல்ல. ஐந்து வருஷத்துக்கொரு முறை, தன் இலாகாவைச் சேராதவர்கள் நடத்துகிற பரீக்ஷையில், பாதி எழுத்திலும் பாதி நேரில் ஒரு கட்டடத்தையோ யந்திரத்தையோ காட்டி “இதில் என்ன குற்றம், கண்டுபிடியும்” என்று கேட்பதிலுமாக, அவர் மறுபடியும் தேற வேண்டும். தேறாதவரை வேலையை விட்டு விரட்ட வேண்டுமென்பதில்லை. தேறுகிற வரையில் ஆபீசில் காகித வேலை பார்க்கட்டும், சம்பளம் வாங்கட்டும். ஜனங்கள் உயிர் மேல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இது நடக்கக் கூடிய காரியமா என்றால், உலகத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகாய விமானம் ஓட்டுகிறவர், முப்பது வருஷம் ஓட்டியிருந்தாலும், ஆறு மாதத்துக்கொரு முறை தன் சாமர்த்தியத்தைப் பரிசோதகர் முன் காட்டியாக வேண்டும். இங்கிலாந்தில் 2012 டிசம்பர் முதல் டாக்டர்கள் ஐந்து வருஷத்துக்கொரு முறை தங்கள் யோக்கியதையை மறுபடி நிரூபித்துத்தான் தொழில் நடத்த வேண்டும். அமெரிக்காவில் கட்டட இன்ஸ்பெக்டர்கள் வாங்குகிற சர்டிபிகேட்டை மூன்று வருஷத்துக்கொரு முறை, மேற்கொண்டு படித்ததற்கு அத்தாட்சி காட்டிப் புதுப்பிக்கிறார்கள். அந்தத் தேசங்களிலெல்லாம் உத்தியோகஸ்தர்கள் தங்கள் கௌரவம் போய்விட்டதாகத் தூக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

இனி இரண்டாவது விஷயம். படிப்பு ஒரு பக்கம். அந்தப் படிப்பு யாருக்காக வேலை செய்கிறது என்பது மற்றொரு பக்கம். நன்றாகப் படித்த இன்ஸ்பெக்டரே மண்டபக்காரர் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் பின்பக்கக் கதவைப் பார்க்காமல் போகலாம். இதற்குப் பரீக்ஷை மருந்தாகாது. ஆகவேதான் இன்ஸ்பெக்டரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் என்ன, சில வருஷத்துக்கொரு முறை மறுபடியும் அவர்களிடம் வந்து நிற்கச் செய்தால் என்ன என்று சில தேசங்களில் யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அரிசோனா என்னும் ராஜ்யம் 1912-இல் ஏற்பட்டபோது, சுரங்க இன்ஸ்பெக்டரை ஜனங்கள் ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதன் அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். இன்றைக்கும் அப்படியே, நாலு வருஷத்துக்கொரு எலக்ஷன். அந்த உத்தியோகத்துக்கு நிற்பவர் சுரங்கத்தில் வேலை செய்த அனுபவம் உள்ளவராயிருக்க வேண்டும் என்பதும் விதி. பென்சில்வேனியாவில் 1901-ஆம் வருஷத்துச் சட்டப்படி நிலக்கரிச் சுரங்க இன்ஸ்பெக்டர்களை ஓட்டினால் தேர்ந்தெடுத்தார்கள். பரீக்ஷைக் கமிட்டியிடம் சர்டிபிகேட் பெற்றவர்தான் நிற்கலாம். முதலில் பரீக்ஷை, பிறகு ஓட்டு என்ற அந்த வரிசை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதற்கும் முன்னால் 1872-இல் இங்கிலாந்தில், சுரங்கத் தொழிலாளிகள் தங்களுக்குள் இருவரை நியமித்து மாதம் ஒரு முறை சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்கச் செய்யலாம் என்று சட்டம் செய்தார்கள். கூலியை மட்டும் தொழிலாளிகளே கொடுத்துக்கொள்ள வேண்டுமாம்! முதலாளி உயிருக்குக் கூலி கொடுக்கிற காலம் அங்கேயும் உடனே வந்துவிடவில்லை.

“பாமர ஜனங்களுக்கு என்ன தெரியும், என்ஜினீயரின் யோக்கியதையை மாடு மேய்க்கிறவனா தீர்மானிப்பது?” என்று படித்தவர்கள் சிரிப்பார்கள். இந்தச் சிரிப்பு நமக்குப் புதிதல்ல. வேதத்தைச் சூத்திரன் கேட்டால் என்ன தெரியும் என்றார்கள். பெண்பிள்ளைக்கு ஓட்டைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்குச் சட்டசபையைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். பாய்லருக்குள் எத்தனை ராத்தல் அழுத்தம் என்று கணக்குப் போடத் தொழிலாளிக்குத் தெரியாமலிருக்கலாம். ஆனால் இன்ஸ்பெக்டர் அந்தப் பாய்லர் பக்கம் வந்தாரா, மானேஜர் அறையிலேயே இருந்துவிட்டுப் போனாரா என்பது அவனுக்குத் தெரிவதைப் போல வேறு யாருக்குத் தெரியும்? கணக்கைப் பரீக்ஷைக்காரர் பார்க்கட்டும். வந்தாரா என்பதை அவன் சொல்லட்டும்.

ஆனால் நாமும் கண்ணை மூடிக்கொண்டு எலக்ஷன் எலக்ஷன் என்று பஜனை பாடுகிறவர்கள் அல்ல. நம் ஊர் எலக்ஷன் எப்படி நடக்கிறதென்று நமக்குத் தெரியும். ஜாதி பார்த்து ஓட்டு, பணம் பார்த்து ஓட்டு. மண்டபக்காரரும் பட்டாசுக் கடைக்காரரும் சேர்ந்து செலவு செய்து தங்களுக்கு வேண்டிய இன்ஸ்பெக்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், இருந்த கொஞ்சம் பயமும் போய்விடும். அரிசோனாவிலேயே 2022-ஆம் வருஷத்து எலக்ஷனில் அந்த உத்தியோகத்துக்கு வாக்குச் சீட்டில் அச்சிட்டிருந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். எதிர்த்து நிற்க ஆளில்லாத எலக்ஷன் பெயருக்குத்தான் எலக்ஷன். ஆகவே ஊர் முழுவதும் கொடி கட்டி இன்ஸ்பெக்டர் எலக்ஷன் நடத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நியமிப்பது சர்வீஸ் கமிஷன் மூலமே இருக்கட்டும். ஆனால் மூன்று வருஷத்துக்கொரு முறை அவர் அந்த அதிகார எல்லையில் நீடிப்பதா என்பதை, அவருடைய கையெழுத்தினால் உயிர் வாழ்கிறவர்கள் பிரதிநிதிகள் சொல்லட்டும். தறிப் பட்டறைத் தொழிலாளிகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெற்றோர், பஸ் பிரயாணிகள், கிராம சபையார் ஆகிய இவர்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் முன் அவர் தன் ரிஜிஸ்தரை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். எத்தனை இடத்துக்குப் போனார், எதை மறுத்தார், எதை மூடினார், மூடினதைத் திறக்கச் சொன்னது யார் என்று அவர்கள் கேட்க வேண்டும். சொந்தக்காரர்களுக்கு அந்தக் கமிட்டியில் பேச இடம் உண்டு, ஓட்டு இல்லை. பரிசோதிக்கப்படுகிறவன் பரிசோதகனைப் பொறுக்குவது நியாயமாகாது.

இதனால் யோக்கியமான உத்தியோகஸ்தர்களுக்குக் கஷ்டம் என்று எண்ணுவது தப்பு. அவர்களுக்குத்தான் இது முதல் பாதுகாப்பு. ஒரு மண்டபத்தைப் பூட்டினால், மறு வாரம் அவரை நாலு ஜில்லாவுக்கு அப்பால் மாற்றுகிற வழக்கம் நாம் காணாததல்ல. அப்படி மாற்றினால் அழுவதற்கு அவருடைய பெண்டு பிள்ளைகளைத் தவிர ஆளில்லை. ஊரார் ரிஜிஸ்தரைப் பார்த்து, “இவர் எங்களுக்கு வேண்டும்” என்று எழுதி வைத்திருப்பார்களானால், மாற்றுகிறவர் கை கொஞ்சமாவது நடுங்கும்.

தொழிலாளிகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. திருத்தணி, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கமும், எல்லைக்கு அப்பால் நகரிப் பக்கமும் வீட்டுக்கு வீடு தறி ஓடுகிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி மின்சாரத்தோடு பத்துப் பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. 2020-இல் பார்லிமெண்டில் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புப்படி இருபது பேர் வேண்டும். பாதுகாப்பு அதிகாரி வைத்தாக வேண்டுமென்றால் சாதாரணத் தொழிற்சாலையில் ஐந்நூறு பேர், அபாயகரமானதில் இருநூற்றைம்பது பேர். பத்தொன்பது பேர் உள்ள பட்டறையில் தீப்பிடித்தால் நெருப்பு எண்ணிக்கை பார்த்துத் திரும்பிப் போய்விடுமா? இன்ஸ்பெக்டர் பெயரையும் மாற்றியிருக்கிறார்கள். இப்போது அவர் “இன்ஸ்பெக்டர்–கம்–பெசிலிடேட்டர்”, அதாவது பார்க்கிறவரும் கைகொடுக்கிறவரும். கை கொடுக்கட்டும், யாருக்குக் கொடுக்கிறார் என்பதைப் பார்க்கத்தான் நாம் ஆள் கேட்கிறோம். எந்த இன்ஸ்பெக்டர் எந்தத் தொழிற்சாலைக்குப் போவதென்பதை யந்திரம் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கும் என்றும் சொல்லுகிறார்கள். முதலாளியும் இன்ஸ்பெக்டரும் கூடிப் பேசாமலிருக்க அது கொஞ்சம் உதவும், நாம் மறுக்கவில்லை. ஆனால் படிப்பு மறந்தவர் பெயரைக் குலுக்கிப் போட்டாலும் படிப்பு மறந்தவர் பெயர்தான் வரும்.

திருத்தணிக்கென்று விசேஷமாக ஒன்று. 1960 ஏப்ரல் 1-ந்தேதி இந்தத் தாலுகா ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக் கல் இடம் மாறினாலும் ஜனங்கள் பேச்சு மாறவில்லை. சந்தையில் பாதித் தமிழும் பாதித் தெலுங்கும் இன்றும் கேட்கிறது. திருவிழாவுக்கு வருகிறவர்களிலும் இரு பாஷைக்காரரும் உண்டு. வேலைக்கு வருகிறவர்களிலும் அப்படியே. 2014 ஜூன் 28-ந்தேதி போரூருக்கு அருகே மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் புதையுண்டபோது, அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்த கூலிகள். கல் விழும்போது தமிழன் தலை, தெலுங்கன் தலை என்று பார்த்து விழுவதில்லை. அதனால் இந்த ஊரில் எந்த மண்டபத்திலும் சத்திரத்திலும் ஒட்டுகிற பாதுகாப்புச் சீட்டு இரண்டு பாஷையிலும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர் பெயரும், அவர் கடைசியாகப் பரீக்ஷை தேறின வருஷமும், கடைசியாக நேரில் வந்த தேதியும் அதில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இப்போது மண்டப வாசலில் இந்தக் கலியாணம் யாருடையது என்றுதான் பூவால் எழுதி வைக்கிறார்கள்.

சட்டம் மாறுகிற வரையில் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராமத்து வேலைத் திட்டக் கணக்கை ஜனங்களே தணிக்கை செய்யலாம் என்று 2005-ஆம் வருஷத்து வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒரு தரம் வழி காட்டியிருக்கிறது. பார்வையிடும் உத்தியோகஸ்தர் கணக்குக்கும் அந்த வழியே போதும். திருத்தணியைச் சுற்றியுள்ள கிராமத்துத் தோழர்கள் அடுத்த கூட்டத்தில் கீழ்க்கண்ட தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றி, நகலைக் கலெக்டருக்கும் நமக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். திருத்தணி நகரத்துத் தோழர்கள் தங்கள் வார்டுக் கூட்டத்தில் இதையே கொண்டுவரலாம்.

“இவ்வூரிலுள்ள பள்ளிக்கூடம், சத்திரம், கலியாண மண்டபம், தறிப் பட்டறை, அரவை மில், அன்னதானச் சமையற்கூடம், திருவிழாப் பந்தல் ஆகியவற்றைக் கடந்த ஒரு வருஷத்தில் எந்த உத்தியோகஸ்தர், எந்தத் தேதியில், எவ்வளவு நேரம் நேரில் வந்து பார்த்தார், என்ன குற்றம் எழுதினார், அது நிவர்த்தி செய்யப்பட்டதா என்ற விவரத்தை இச்சபையில் படிக்க வேண்டுமென்றும், அந்த உத்தியோகஸ்தர்கள் தங்கள் தொழில் யோக்கியதைக்குக் கடைசியாக எந்த வருஷத்தில் பரீக்ஷை கொடுத்தார்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டுமென்றும், அத்தகையவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கொரு முறை மறுபரீக்ஷையும், மூன்று வருஷத்துக்கொரு முறை ஜனப் பிரதிநிதிகளின் ஒப்புதலும் ஏற்படுத்திச் சட்டம் செய்ய வேண்டுமென்றும் இச்சபை சர்க்காரைக் கேட்டுக்கொள்ளுகிறது.”